கங்காணி இல்லாத பெரட்டு

நேரலையில் இரண்டு நேயர்களை ஒரே சமயத்தில் இணைப்பில் வைத்துக்கொண்டால் ஒரு வேடிக்கை நடக்கும். இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்குவார்கள். இருவரும் சட்டென்று நிறுத்துவார்கள். “நீங்க சொல்லுங்க” என்பார் ஒருவர். “இல்லல்ல, நீங்க சொல்லுங்க” என்பார் மற்றவர். ஒரு நொடி மௌனம். மறுபடியும் இருவரும் ஒன்றாக! வீட்டில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் வியர்க்கும். இது எப்படித் தீர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இருவரில் ஒருவர் கொஞ்சம் கூடுதலாகத் தயங்குவார். அந்த இடைவெளியில் மற்றவர் பேசிவிடுவார். இருவரும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவு தயங்கினால், விடியும்வரை இதே கூத்துதான்.

ஊடகத் துறையில் படித்தபோது முதல் பருவத்திலேயே ஒரு படத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அனுப்புபவர், ஊடகம், பெறுபவர், நடுவில் இரைச்சல். கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த படம் அது. அழகான படம்தான். ஆனால் அதில் அனுப்புபவர் ஒருவர்தான். ஒரே ஊடகத்தில் ஐம்பது பேர் பேச வந்துவிட்டால் யார் முதலில், யார் பிறகு, அதை யார் முடிவு செய்வது? அந்தக் கேள்விக்குப் படத்தில் இடமே இல்லை.

நம் பாட்டி தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. அதன் பெயர் பெரட்டு. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்பே பால்மரத் தொழிலாளர்கள் திடலில் கூடுவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் கங்காணியோ மண்டோரோ பேர் கூப்பிட்டால்தான் பதில் சொல்லலாம். வரிசையாகப் பேர், வரிசையாகப் பதில். குழப்பமே கிடையாது. கங்காணி வராத நாளில்தான் சந்தை.

1996-இல் திறந்துவைக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. இன்டெல் இருக்கிறது, சில்டெரா இருக்கிறது, இன்ஃபினியன் 2006-இல் இங்கே ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சிப்புகளுக்கென்று இன்னொன்றையும் திறந்தது. அதிகாலையில் லூனாஸிலும் பாடாங் செராயிலும் சுங்கைப்பட்டாணியிலும் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆலைகளுக்குள் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. எந்த வேஃபர் எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டும், எந்த ரெசிபியில் ஓட வேண்டும், எல்லாமே வலைப்பின்னல் வழியாகத்தான். அங்கேயும் பெரட்டு நடக்கிறது. ஆனால் அங்கே கங்காணி இல்லை.

கங்காணி இல்லாமல் ஒரு பொதுத் திடலை எப்படி நடத்துவது என்று முதலில் செய்து பார்த்தவர்கள் ஹவாய்க்காரர்கள். தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரு கணினியோடு இணைக்க வேண்டும்.  1971 ஜூனில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் வானொலி அலையிலேயே அதைச் செய்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். விதி மிக எளிது: பேச வேண்டுமென்றால் பேசு. கிடைத்தது என்ற பதில் வராவிட்டால் இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டது என்று எடுத்துக்கொள். மனம்போன போக்கில் கொஞ்ச நேரம் காத்திரு, மறுபடி அனுப்பு. அந்த “மனம்போன போக்கில்” என்பதுதான் சூட்சுமம். என் இரண்டு நேயர்களில் ஒருவர் கூடுதலாகத் தயங்குகிறாரே, அதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பகடை உருட்டினார்கள். ஆனாலும் இதில் வீணடிப்பு அதிகம். கணக்குப் போட்டால், அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் உருப்படியான பேச்சாக மிஞ்சும். மற்றதெல்லாம் மோதலும் மௌனமும்.

ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த பாப் மெட்கால்ஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973 மே 22 அன்று ஒரு குறிப்பு எழுதினார். ஈதர்நெட் அங்கே பிறந்தது. இந்த முறை காற்று இல்லை, ஒரு தடித்த கம்பி. கட்டடத்திலுள்ள எல்லாக் கணினிகளும் அந்த ஒரே கம்பியில் தொங்கும். அவர் சேர்த்தது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்திதான்: பேசுவதற்கு முன் காது கொடு. யாராவது பேசினால் பொறு. நீ பேசும்போதே இன்னொருவர் குறுக்கிட்டால் உடனே நிறுத்து. அதன் பிறகு பகடை. முதல் மோதலுக்குப் பிறகு 0 அல்லது 1 என்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து அத்தனை சிறு இடைவெளி காத்திருக்க வேண்டும். மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை. மறுபடியும் என்றால் 0 முதல் 7 வரை. இப்படியே 1023 வரை விரியும். கூட்டம் கூடக் கூட எல்லாரும் தாமாகவே அதிகம் பொறுத்துக்கொள்வார்கள். 16 முறை மோதினால் கைவிட்டு விடலாம். (நம் ஊர்க் கூட்டங்களில் 16 முறைக்குப் பிறகும் விடுவதில்லை. அது வேறு கதை.)

இதுவரை நாம் பார்த்தது ஒரு திடல். எல்லார் குரலும் எல்லாருக்கும் கேட்கும். ஆலை வளர்ந்தால் திடல் பலவாகும். ஸ்டோரில் ஒரு கம்பி, அலுவலகத்தில் ஒரு கம்பி, கேன்டீனில் ஒன்று. இவற்றுக்கு நடுவே ஒரு பெட்டியை வைத்து, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். அன்று பிரிட்ஜ் என்றார்கள், இன்று சுவிட்ச் என்கிறோம். இந்தக் கட்டத்தில் படம் மாறுகிறது: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். கணிதத்தில் இதைக் கோட்டுரு என்பார்கள். யாருடைய குரல் யாருக்கு நேராகக் கேட்கும், யாருக்கு இன்னொருவர் வழியாகத்தான் போகும் என்பதன் வரைபடம் அது.

ஒரு கம்பி அறுந்தால் ஆலை நிற்கக் கூடாது என்று கூடுதலாக ஒரு கம்பி போடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கூடுதல் கம்பி போட்டதும் வட்டம் உருவாகிவிடும். வட்டம் உருவானால் என்ன ஆகும் என்பதை எங்கள் துறைக்காரர்களைக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு அழைக்கும் ஒவ்வொருவரிடமும் “ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் பேசுங்க” என்று கெஞ்சுகிறோமே, ஏன்? உங்கள் குரல் தொலைபேசி வழியாக எங்களுக்கு வந்து, எங்களிடமிருந்து உங்கள் வானொலிக்குப் போய், அதிலிருந்து மறுபடி தொலைபேசிக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் எதிரொலி, பிறகு காதைக் கிழிக்கும் ஊளை. வலைப்பின்னலிலும் அதேதான். “எல்லாருக்கும்” என்று முகவரி போட்டு ஒரு செய்தி புறப்பட்டால், ஒவ்வொரு பெட்டியும் அதை எல்லாப் பக்கமும் நகலெடுத்து அனுப்பும், நகல் சுற்றி வரும், மறுபடி நகல். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. தானாகச் சாகாது. சில விநாடிகளில் வலை முழுக்கப் பழைய செய்தியின் நகல்களே நிறைந்து, புதிதாக யாரும் வாய் திறக்க முடியாது. இதை ஒலிபரப்புப் புயல் என்கிறார்கள். என் தொழிலின் பெயரை இப்படியா கெடுப்பது!

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண். ராடியா பெர்ல்மன், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை. அவர் பின்னாளில் சொன்ன கதை இது: ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்து, கணினிகளில் எதையும் மாற்றாமல், நடுவில் இருக்கும் பெட்டிகளே இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வழி சொல் என்றாராம். அன்றிரவே வழி கிடைத்துவிட்டது. மேலதிகாரியோ விடுப்பில் போய்விட்டார். அடுத்த வாரம் விவரங்களை எழுதி முடித்த பிறகும் நேரம் மிஞ்சியதால், தன் வழிமுறையைப் பற்றி ஒரு குட்டிக் கவிதையும் எழுதி, 1985-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்தார். 1990-இல் அவர் வழிமுறை உலகத் தரநிலையாயிற்று. ஸ்பேனிங் ட்ரீ என்று அதற்குப் பெயர்.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஓர் ஆலையில் நான்கு பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே ஓர் எண். காவல் சாவடியில் இருப்பது 7, ஸ்டோரில் 12, கேன்டீனில் 23, அலுவலகத்தில் 40. சாவடியிலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து கேன்டீன், கேன்டீனிலிருந்து மறுபடி சாவடி. சரியான வட்டம். யாரிடமும் முழு வரைபடம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் குரல் மட்டும் கேட்கும்.

மின்சாரம் போட்டதும் நான்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும்: “நான்தான் தலைவன்!” நம் சங்கத் தேர்தல்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. ஆனால் இங்கே அடுத்து நடப்பதுதான் ஆச்சரியம். தன்னைவிடச் சிறிய எண் காதில் விழுந்த மறு நிமிடம், பெட்டி தன் உரிமையை விட்டுவிடும். “தலைவன் நானில்லை, 7. நான் அவரிடமிருந்து ஒரு தாண்டல் தூரத்தில் இருக்கிறேன்” என்று பேச்சை மாற்றிக்கொள்ளும். ஸ்டோரும் கேன்டீனும் இப்படிச் சொல்லும். அலுவலகத்துக்கு இரண்டு பக்கமும் இது கேட்கும். தலைவன் 7, தனக்கு இரண்டு தாண்டல் தூரம் என்று அதுவும் புரிந்துகொள்ளும். எந்தப் பக்கமாகப் போவது? தூரம் சமம். அப்போது சிறிய எண்ணுள்ள அண்டை வீட்டுக்காரர் பக்கம், அதாவது ஸ்டோர் பக்கம். கேன்டீன் பக்கக் கம்பியை அலுவலகம் தானே மூடிக்கொள்ளும். வட்டம் மரமாகிவிட்டது. காவல் சாவடிப் பெட்டி தலைவன். மேலாளர் அறையில் இருப்பது கடைசி இலை.

ஒரே கம்பியில் பத்துப் பெட்டிகள் தொங்கினாலும் இதே கதைதான். அவற்றில் தலைவனுக்கு மிக அருகில் இருப்பது ஒருமுறை சொன்னால் போதும். மற்ற ஒன்பதுக்கும் அது கேட்டுவிடும், ஒன்பதும் அடங்கிவிடும். ஒவ்வொருவராகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும் என்பதுதானே மோதலுக்குக் காரணமாக இருந்தது? உடன்பாட்டுக்கும் அதுவே குறுக்குவழி. அதைத்தான் பெர்ல்மன் பிடித்துக்கொண்டார்.

பூச்சிகளும் இதைச் செய்கின்றன என்றால் நம்புவீர்களா? வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈயின் உடலில் முள்முடிகள் சீரான இடைவெளியில் வளர்கின்றன. அவை வளரும் இடத்தில் எல்லா உயிரணுக்களும் முதலில் ஒரே நிலையில்தான் இருக்கும். ஒன்று முந்திக்கொண்டு “நான் முடியாகப் போகிறேன்” என்று வேதிப்பொருளால் குரல் கொடுத்தால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றவை விலகிக்கொள்ளும். அண்டையில் எத்தனை பேர் என்றுகூட எந்த உயிரணுவுக்கும் தெரியாது. இதைக் கண்ட இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் சயின்ஸ் இதழில், ஒயர் இல்லாத உணர்வுக் கருவிகளின் வலைக்கு ஏற்ற வழிமுறையாகவே இதை எழுதிக் காட்டினார்கள்.

மூடிய கம்பிக்கு வருவோம். மூடியது என்றால் செத்தது அல்ல. பேசாது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கும். தலைவன் 2 விநாடிக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று குரல் கொடுப்பான். அது மரம் வழியாக எல்லாருக்கும் போகும். 20 விநாடி அது கேட்காவிட்டால், வழி அறுந்துவிட்டது என்று முடிவு செய்து மூடியதைத் திறக்க ஆயத்தமாகும். அதிலும் அவசரம் கிடையாது. வட்டம் உருவாகிவிடுமோ என்று 15 விநாடி கேட்கும், இன்னொரு 15 விநாடி கற்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். 2001-இல் வந்த புதிய பதிப்பு இதை வெகுவாகக் குறைத்துவிட்டது என்றாலும் பழைய 30 விநாடிப் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

வானொலியில் நாங்கள் பயப்படுவது மௌனத்துக்கு. இந்தப் பெட்டிகள் மௌனத்தை மரணம் என்று படிக்கின்றன; ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலைப்பின்னல் முடங்கியது. வலையில் திடீரென்று பெரும் தரவு பாய்ந்ததில் “இருக்கிறேன்” என்ற குரல் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராததால், மூடியிருந்த வழிகள் திறந்துகொண்டன. திறந்ததால் வட்டம், வட்டத்தால் புயல், புயலால் குரல் இன்னும் கேட்காது. பெட்டிகளின் தொடர் 7 தாண்டலுக்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் அறிவுரை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த அந்த வலை அதைத் தாண்டிப் போயிருந்தது. ஏறத்தாழ நான்கு நாள் அந்தப் பெரிய மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டும் சோதனை முடிவும் ஆள்மேல் ஆள் ஓடிக் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் எனக்கு முதலில் சொன்னது எந்தப் பேராசிரியரும் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வழியில் எங்கள் நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர் ஒருவர்; பாடாங் செராய்த் தம்பி. பாட்டி பால்மரம் வெட்டியவர். இவர் பொலிடெக்னிக் முடித்துவிட்டுப் பூங்காவில் ஓர் ஆலையில் வலைப்பின்னல் டெக்னீஷியன். பெயரும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். “ஐடின்னா பிரிண்டர் ரிப்பேர் பண்ற ஆளுன்னுதான் வீட்டுலயே நினைக்கிறாங்க அக்கா” என்பார்.

ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு அவர் ஆலையில் ஒரு பகுதி நின்றது. இயந்திரங்கள் ரெசிபி கேட்கின்றன, பதில் வரவில்லை. பெட்டிகளில் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோலத் துடிக்கின்றன. அங்கே இருந்தவர்களில் ஒருவர் சர்வர் போச்சு என்றார், இன்னொருவர் வைரஸ் என்றார், வெளிநாட்டு வெண்டருக்கு மின்னஞ்சல் போய்விட்டது. தம்பி விளக்குகளைப் பார்த்தே வட்டம் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிக்கொண்டே போனார். எந்தக் கம்பியைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ, அந்தப் பக்கம். அது ஒரு பயிற்சி அறையில் போய் முடிந்தது. மேசைக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். தரையில் கிடந்த கம்பியின் நுனியை யாரோ, துப்புரவாக இருக்கட்டுமே என்று, காலியாக இருந்த துளையில் செருகிவிட்டிருந்தார்கள். மறுநுனி ஏற்கெனவே அதே பெட்டியில்தான்.

ஸ்பேனிங் ட்ரீ இதைத் தடுத்திருக்க வேண்டுமே? தடுத்திருக்கும். ஆனால் அந்த அறைக்குப் போகும் வழியில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். கணினியைச் செருகினால் இணைப்பு வர 30 விநாடி ஆகிறது என்று புகார் வந்ததாம். 30 விநாடி காத்திருக்க முடியாமல் அணைத்தவர் இப்போது அந்த ஆலையிலேயே இல்லை.

இந்தத் தம்பிக்குக் கட்டளைகள் மனப்பாடம் என்பதால் இது முடியவில்லை. அந்த இடத்தில் அவரைவிட அதிகச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். பெட்டி எதைக் கேட்டு, எதை நம்பி, எப்போது வாய் மூடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளை எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம் என்று கேட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்பும் பெற்றோர்களிடம் இப்போதெல்லாம் நான் கோர்ஸ் பெயர் சொல்வதில்லை, இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதிலும் முக்கால்வாசிப் பேர் “சரிம்மா, ஆனா சம்பளம் எவ்வளவு?” என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு தம்பி வலை முழுவதையும் தாளில் வரைந்து பார்த்திருக்கிறார். தலைவன் யார் என்று தேடினால், புதிய விலையுயர்ந்த பெட்டிகளில் எதுவும் இல்லை. பழைய ஸ்டோரில் கையுறை அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், தூசி படிந்த ஒரு கிழட்டுப் பெட்டி. முன்னால் செய்த பெட்டிகளுக்குப் பெரும்பாலும் எண் சிறியதாக இருக்கும். அதனால், யாரும் கவனிக்காத இடங்களில் இருப்பதிலேயே மூத்ததும் மெதுவானதும்தான் தலைமைக்கு வந்துவிடும். பல வருடமாக அந்த ஆலையின் மரம் முழுவதும் அதிலிருந்துதான் கிளைத்திருக்கிறது. யாராவது அதைக் குப்பையில் போட்டிருந்தால் எல்லாப் பெட்டிகளும் அரை நிமிடம் மறுபடி “நான்தான் தலைவன்” என்று கத்தியிருக்கும்.

இந்த எண்ணுக்கு முன்னால் முன்னுரிமை என்று இன்னோர் எண் உண்டு. எல்லாப் பெட்டிகளும் ஆலையிலிருந்து வரும்போது அது 32768 என்றே இருக்கும். மனிதன் மாற்றினால்தான் மாறும். சிறியதற்கே முதலிடம். தம்பி சர்வர் அறையில் இருக்கும் நல்ல பெட்டி ஒன்றுக்கு அதை 4096 ஆக்கினார். சில விநாடிகளில் தலைமை மாறியது, யாருக்கும் தெரியாமல். பயிற்சி அறை வழியில் ஸ்பேனிங் ட்ரீயை மறுபடி போட்டுவிட்டார். அந்த அறைச் சுவரில், கணினியைச் செருகிய பின் அரை நிமிடம் பொறுங்கள் என்று மலாயில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். கிழட்டுப் பெட்டி இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது. கையுறைகளை மட்டும் நகர்த்திவிட்டு, அதன் நெற்றியில் “ஜங்ஙான் சாபுட்”, பிடுங்காதே என்று.